திரும்பிப் போவதற்கென்றே ஒரு பள்ளிக்கூடம்

பிழைக்கப் போன தேசத்தில் பிள்ளையைப் பள்ளியில் போட்டால், ஆறே மாதத்தில் அது அந்த ஊர்ப் பிள்ளையாகிவிடும். பெற்றோர் உட்கார்ந்து அழுவார்கள். இதுதான் உலக வழக்கம். ஜப்பானியர்கள் இந்த அழுகைக்கு இடம் வைக்காமல் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பிள்ளையை வெளிநாட்டுக்கு அழைத்து வருகிறார்கள். ஆனால் வெளிநாட்டுக்குள் விடுவதில்லை.

சிங்கப்பூரில் எங்கள் பேட்டையில் அப்படியொரு பள்ளி இருக்கிறது. கேட் வரைக்கும் சிங்கப்பூர், கேட்டுக்கு அந்தப் பக்கம் ஜப்பான். மற்ற பள்ளிகளுக்கு ஜனவரியில் வருஷம் பிறந்தால் இங்கே ஏப்ரலில் பிறக்கும். ஊர்ப் பிள்ளைகள் ஜூன் மாதம் விடுமுறையில் கூத்தடிக்கும்போது இவர்கள் வகுப்பில் இருப்பார்கள். ஊர் மொத்தமும் பரீட்சைக்குப் படிக்கும் ஆகஸ்டில் இவர்களுக்குக் கோடை விடுமுறை. (சிங்கப்பூரில் எது கோடை என்று கேட்கக் கூடாது. கேட்டால் எது கோடை இல்லை என்று பதிலுக்குக் கேட்பார்கள்.) பாடப்புத்தகத்தை ஜப்பானிய அரசாங்கமே இலவசமாகத் தருகிறது. ஆசிரியர்களையும் அங்கிருந்துதான் அனுப்புகிறது. ஹொக்கைடோவிலிருந்து ஒருவர் வருவார், ஒகினாவாவிலிருந்து ஒருவர் வருவார்; பொதுவாக இரண்டு வருஷம், நீட்டித்தால் நாலு, அப்புறம் பெட்டி கட்ட வேண்டியதுதான். இந்த மாதிரிப் பள்ளிகள் உலகத்தில் 90-க்கு மேல் இருக்கின்றன. நம் டெல்லியிலும் மும்பையிலும்கூட உண்டு.

எனக்கு இந்தச் சங்கதியெல்லாம் தெரியவந்தது எதிர் வீட்டால். அங்கே ஒரு ஜப்பானியக் குடும்பம். வீட்டுக்காரரை லிஃப்டில் மட்டும்தான் பார்க்கலாம். அவர் குனிந்து வணக்கம் சொல்லி நிமிர்வதற்குள் தரைத்தளம் வந்துவிடும். அந்த அம்மாவும் என் மனைவியும் சிநேகிதம். இருவரின் ஆங்கிலமும் ஒரே உயரம் என்பதால் பேச்சில் யாரும் யாரையும் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை.

பையன் முதல் வகுப்பில் சேர்ந்த ஏப்ரலில், ஒரு சாயங்காலம் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பார்த்து நான் அசந்துபோனேன். கணக்குப் பாடத்துக்கென்று ஒரு பெட்டி. உள்ளே வண்ண வண்ணமாக எண்ணும் வில்லைகள், தீக்குச்சி அளவில் குச்சிகள், பகடை, விளையாட்டுக் கடிகாரம், அட்டைகள். எல்லாவற்றிலும் பையன் பேர் இருக்க வேண்டும். பெட்டி மேல் எழுதினால் போதாதா? போதாதாம். ஒவ்வொரு வில்லையிலும், ஒவ்வொரு குச்சியிலும். இதற்கென்றே அரிசி அளவில் பேர் அச்சடித்த ஸ்டிக்கர் விற்கிறார்கள். அதைச் சின்ன இடுக்கியால் உரித்தெடுத்து, மூச்சுக்காற்றில் பறந்துவிடாமல், குச்சியின் வளைவில் ஒட்ட வேண்டும். அந்த அம்மா ஒரு நகாசு ஆசாரியைப் போலக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். என் மனைவியும் இடுக்கியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சீர்வரிசை எவர்சில்வரில் பேர் வெட்டுகிற பரம்பரை அல்லவா, கை சும்மா இருக்குமா? ஆனால் நாங்களே கரண்டியோடு நிறுத்திக்கொள்வோம், ஸ்பூனுக்குப் போக மாட்டோம்.

அடுத்து, தரை துடைக்கிற துணி. வகுப்பறையைப் பிள்ளைகள்தான் கூட்டித் துடைக்கிறார்கள். அதற்கான துணியை வீட்டில் பழைய துண்டை மடித்துத் தைத்து அனுப்புவது அம்மாமார்களின் கடமை. இப்போது டைசோ கடையில் தைத்த துணியே கிடைக்கிறது, வாங்கி அனுப்பிவிடலாம். எதிர் வீட்டு அம்மா கையால் தைத்தாள். அதிலும் பேர். துணியை இரண்டு உள்ளங்கையாலும் தரையில் அழுத்தி, இடுப்பை உயரத் தூக்கி, குதிகால் படாமல் அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஓட வேண்டும். பையன் எங்கள் ஹாலில் செய்தே காட்டினான். அதே வயசுள்ள என் மகன் சோபாவில் படுத்துக்கொண்டு ஐபேடு பார்த்துக்கொண்டிருந்தான். எதிர் வீட்டுப் பையன் துடைத்துக்கொண்டே வந்தபோது இவன் பெரிய மனசு பண்ணி, தொங்கிக்கொண்டிருந்த காலைத் தூக்கி வழிவிட்டான்.

பிள்ளைகள் பள்ளிக்கு மாட்டிக்கொண்டு போகிற தோல்பையின் கதை வேறு. அந்தக் காலத்தில் பட்டத்து இளவரசர் பள்ளியில் சேர்ந்தபோது பிரதமர் இதோ ஹிரொபுமி பரிசாகக் கொடுத்தது என்று 1887-லிருந்து அந்தப் பைக்கு வரலாறு சொல்கிறார்கள். ஆறு வருஷமும் அதே பைதான். தாத்தா பாட்டி வாங்கித் தருவது வழக்கமாம். ஜப்பானின் வசந்த காலக் காற்றுக்குச் செய்த அந்தப் பெட்டித் தோல்பையைச் சிங்கப்பூர் வெயிலில் முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு முதல் வகுப்புக் குழந்தை நடந்துபோவதைப் பார்க்கிறவர்களுக்கு முதுகு வேர்க்கும்.

பாடப்புத்தகத்தில்தான் வேடிக்கை அதிகம். அது ஜப்பானை நம்பி எழுதப்பட்டது. சிங்கப்பூர் ஒத்துழைக்க மறுக்கிறது. ஏப்ரலில் செர்ரிப் பூ பூக்கும் என்கிறது புத்தகம். பள்ளியில் காகிதத்தில் பூ வெட்டிப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். குளிர்காலத்தில் மரங்கள் இலை உதிர்ப்பதைக் கவனித்து எழுது என்கிறது. ஜன்னலுக்கு வெளியே மழைமரம் குடையாக விரிந்து நிற்கிறது, ஒரு இலை குறைவில்லை. மூன்றாம் வகுப்பில் சூரியனும் நிழலும். நண்பகலில் சூரியன் தெற்கே இருக்கும், நிழல் வடக்கே விழும் என்பது பாடம். சிங்கப்பூர் பூமத்திய ரேகையின் மடியில் இருக்கிற ஊர். வருஷத்தில் பாதி நாள் இங்கே நிழல் தெற்கே விழுகிறது; மார்ச்சிலும் செப்டம்பரிலும் சில நாள் விழவே மாட்டேன் என்கிறது. பன்னிரண்டு மணிக்குச் சூரியன் உச்சிக்கே வந்திருக்காது. கடிகாரத்தை ஊருக்காக முன்னே தள்ளி வைத்திருப்பதால் அவர் ஒரு மணிக்குத்தான் வந்து சேர்வார். துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வடக்கைக் கண்டுபிடி என்றால், அது அடிவானத்தோடு ஒட்டிக்கொண்டு அடுக்குமாடிகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பரீட்சையில் எதை எழுதுவாய் என்று எதிர் வீட்டுப் பையனின் அக்காவைக் கேட்டேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “புத்தகத்தில் இருக்கிறதைத்தான் அங்கிள்.”

நாம் சிரிக்க முடியாது. ராமநாதபுரத்தில், வானம் பார்த்த பூமியில், மழையை அப்புறம் வா என்று துரத்துகிற ஆங்கிலப் பாட்டை அபிநயத்தோடு பாடிப் பரிசு வாங்கியவன் நான்.

ஒருநாள் சுமத்ராவில் நிலநடுக்கம். சிங்கப்பூருக்கு அதன் வால் மட்டும் வரும்; உயரமான மாடிகளில் விளக்கு லேசாக ஆடும், அவ்வளவுதான். அன்றைக்கு எதிர் வீட்டுப் பையன் எங்கள் வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தான். விளக்கு ஆடியது. நான் போனை எடுத்தேன். மனைவி போனை எடுத்தாள். “உங்களுக்குத் தெரிந்ததா?” என்று குடியிருப்பு வாட்ஸாப்பில் எழுபது பேர் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டார்கள். நிமிர்ந்து பார்த்தால் பையனைக் காணோம். சாப்பாட்டு மேசைக்கு அடியில் மேசைக் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, தலையில் சோபா மெத்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்களையும் வரச் சொல்லிக் கையாட்டினான். என் மகன் ஏற்கெனவே உள்ளே இருந்தான். அந்த வீட்டுச் சகவாசத்தால் அவனுக்குக் கிடைத்த ஒரே கல்வி அதுதான்.

விளையாட்டு விழாவுக்கு எங்களை அழைத்தார்கள். வீட்டுக்காரர் ஜகார்த்தாவில் மீட்டிங்கில் மாட்டிக்கொண்டதால், இடம் பிடிக்கவும் சாமான் தூக்கவும் ஒரு ஆண்பிள்ளை தேவைப்பட்டது என்பதே அந்த அழைப்பின் உள்ளர்த்தம். விடியற்காலையிலேயே நீலத் தார்ப்பாயோடு அப்பாமார்கள் வரிசையில் நின்றார்கள். கேட் திறந்ததும் ஓட்டம் கிடையாது. எல்லோரும் விறுவிறுவென்று நடந்தார்கள்; அந்த நடையை நான் ஓடித்தான் பிடிக்க முடிந்தது.

முதலில் ரேடியோ உடற்பயிற்சி. 1928-ல் ஜப்பானியத் தபால் இலாகா ஆரம்பித்துவைத்தது. பியானோ ஒலித்ததும் பிள்ளைகள், ஆசிரியர்கள், பாட்டிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் கையை உயர்த்தினார்கள். யாரும் யாரையும் பார்த்துச் செய்யவில்லை; உடம்பிலேயே இருக்கிறது. நான் முன்னால் நின்ற பாட்டியைப் பார்த்துச் செய்தேன். குதிக்கிற கட்டம் வந்ததும் பாட்டி குதித்தார். நான் குதிகாலை மட்டும் உயர்த்தி மரியாதை செய்தேன்.

பிறகு போட்டிகள். பள்ளி மொத்தமும் சிவப்பு அணி, வெள்ளை அணி என்று இரண்டாகப் பிரிகிறது. இதற்காக ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் மோவாய்க்கு எலாஸ்டிக் வைத்த ஒரு தொப்பி. அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வெளிப்பக்கம் சிவப்பு, உள்ளே திருப்பினால் வெள்ளை. அதாவது, ஒரே தொப்பியில் இரண்டு கட்சி! கட்சி மாறத் தனித்துண்டு வாங்க வேண்டாம், அறிக்கை விட வேண்டாம், ஓட்டலில் அடைத்துவைக்க வேண்டாம். உள்பக்கத்தை வெளிப்பக்கம் திருப்பினால் முடிந்தது. இப்பேர்ப்பட்ட கண்டுபிடிப்பை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளைகூட விழா முடியும்வரை தொப்பியைத் திருப்பவில்லை. நம்மவர்கள் கையில் அகப்படாத வரைக்கும் அந்தத் தொப்பிக்கு மானம் இருக்கிறது.

அடுத்தது கூடையில் பந்து போடுவது. உயரமான கம்பத்தின் உச்சியில் கூடை; கீழே நின்று துணிப்பந்துகளை அள்ளி அள்ளி வீசுகிறார்கள். இதில் பார்க்க வேண்டியது வீசுவதை அல்ல, எண்ணிக்கையை. இரண்டு கூடைகளையும் இறக்கி, இரண்டு ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒவ்வொரு பந்தாக எடுத்து வானத்தில் எறிவார்கள். மைதானமே கூடச் சேர்ந்து உரக்க எண்ணும். யார் கூடை முதலில் காலியாகிறதோ அவர்கள் தோற்றார்கள். சுற்றுக்குச் சுற்று முன்னிலை நிலவரம் கிடையாது, மறு எண்ணிக்கைக்கு மனு கிடையாது. சிவப்பு ஆசிரியர் கூடைக்குள் கைவிட்டுத் துழாவி, வெறுங்கையை எடுத்துக் காட்டினார். வெள்ளை ஆசிரியர் இன்னும் ஒன்றை எறிந்தார். ஒரே ஒரு பந்தில் வெற்றி! நான் எழுந்து கத்திவிட்டேன். சிவப்புத் தொப்பிக்காரர்களின் தார்ப்பாயில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மனைவி முழங்கையால் தெரிவித்தாள்.

இந்தப் பள்ளியில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் கேட்டில் இருக்கிற காவலாளி அண்ணன். ஜொகூர்பாருவிலிருந்து தினமும் பாலம் தாண்டி வந்துபோகிற தமிழர். காலையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அவர் சொல்கிற “ஓஹயோ கொஸைமாஸ்” என்கிற காலை வணக்கம் இருக்கிறதே, அதில் கொஞ்சம் தைப்பூசத்துக் கோஷம் கலந்திருக்கும். குனிகிற அளவிலும் அவரிடம் கணக்கு உண்டு. பிள்ளைக்குத் தலை மட்டும், ஆசிரியருக்குத் தோள் வரை, தலைமையாசிரியருக்கு இடுப்பு வரை.

“மத்தவங்க எல்லாம் வந்துட்டுப் போறவங்க தம்பி. பிள்ளைங்க அப்பா வேலை முடிஞ்சா போயிரும். சென்செய்ங்க, அதான் வாத்தியாருங்க, டைம் முடிஞ்சா போயிருவாங்க. பிரின்சிபாலும் போயிருவாரு. போன வருஷம் வெளையாட்டு விழாவுக்குக் கம்பம் எங்க நட்டாங்கன்னு என்னையத்தான் வந்து கேக்குறாங்க லா.”

பள்ளியின் வரலாற்றைக்கூட அவர்தான் எனக்கு ஆரம்பித்துவைத்தார். சனிக்கிழமைகளில் வாட்டர்லூ தெரு கிருஷ்ணன் கோவிலுக்குப் போகிறவர். 1870-ல் உண்டான கோவில்; பக்கத்திலேயே இருக்கிற குவான்யின் கோவிலுக்கு வருகிற சீனர்கள் இங்கேயும் ஊதுபத்தி ஏற்றிவிட்டுத்தான் போவார்கள். “அதுக்கு எதிர்த்தாப்ல ஒரு பழைய கட்டடம் இருக்குல்ல? அதுதான் இவங்களோட பழைய ஸ்கூலு” என்றார். போய்ப் பார்த்தேன். நிஜம்தான். 1912-லேயே சிங்கப்பூரில் ஜப்பானியப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஆரம்பித்துவிட்டார்கள். 1920-களில் இந்தத் தெருவில் கட்டடம் கட்டியிருக்கிறார்கள். பின்னாளில் பெண்கள் பள்ளியாக இருந்து, இப்போது ஸ்டாம்ஃபோர்டு கலை மையம். கிருஷ்ணன் கோவில் மணி கேட்டுக்கொண்டே வாய்ப்பாடு படித்த ஜப்பானியப் பிள்ளைகள் ஒரு தலைமுறை இருந்திருக்கிறது.

நடுவில் யுத்தம். 1941 டிசம்பரில் ஊரிலிருந்த ஜப்பானியக் குடும்பங்களை ஆங்கிலேயர் பிடித்துக் கப்பலேற்றி, டெல்லி புராணா கிலாவில் கொண்டுபோய் அடைத்தார்கள். 1942 பிப்ரவரியில் ஜப்பானிய ராணுவம் வந்து ஊருக்கே பேரை மாற்றியது. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் கதையை இந்தக் கட்டுரையின் குரலில் சொல்ல முடியாது, சொல்லக் கூடாது. யுத்தம் முடிந்தபின் பள்ளி மறுபடி திறந்தது 1966-ல், சிங்கப்பூர் தனி நாடான மறுவருஷம். பிறகு டிவியும் காரும் செய்கிற கம்பெனிகள் குடும்பத்தோடு ஆட்களை அனுப்ப அனுப்ப, ஒரு வளாகம் போதாமல் சாங்கி, கிளமெண்டி, வெஸ்ட் கோஸ்ட் என்று விரிந்தது.

சொந்த தேசத்துப் பாடத்திட்டத்தை அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு போவதில் நாமும் இளைத்தவர்கள் இல்லை. மஸ்கட்டிலும் குவைத்திலும் சிபிஎஸ்இ பள்ளிகள் இருக்கின்றன. சுற்றிலும் பாலைவனம், உள்ளே பிள்ளைகள் கங்கைச் சமவெளியின் வண்டல் மண்ணைப் பற்றிப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிக்கொண்டிருப்பார்கள். காரணமும் அதே காரணம்தான்: ஊருக்குத் திரும்பினால் பிள்ளை வகுப்பில் முழிக்கக் கூடாது. ஆனால் நம்மவர்கள் திரும்பிப் போவதைப் பற்றிப் பேசுவார்கள். தீபாவளிக்குப் பேசுவார்கள், பொங்கலுக்குப் பேசுவார்கள், “பையன் பத்தாவது முடிச்சதும் கெளம்பிடுவோம்” என்பார்கள். பையன் கல்லூரி முடித்து டொராண்டோவில் வீடு வாங்கும்வரை பேசுவார்கள். எதிர் வீட்டுக்காரர்கள் அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. கம்பெனியிலிருந்து மாற்றல் உத்தரவு வந்தது, கிளம்பிவிட்டார்கள். அவர்கள் தங்கியிருந்த காலம் முழுக்க அந்த வீட்டுச் சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை என்று காலி செய்த பிறகுதான் பார்த்தோம்.

அதற்கு முன்பே அக்காவுக்காகக் குடும்பம் பாதியாகப் பிரிந்திருந்தது. இந்தப் பள்ளி ஒன்பதாம் வகுப்போடு சரி. கட்டாயக் கல்வி அவ்வளவுதான். மேல்நிலைப் பள்ளிக்கு நுழைவுத்தேர்வு, அதுவும் ஜப்பானின் கடுங்குளிரில். வெளிநாட்டு ஜப்பானியப் பள்ளி ஒன்று மேல்நிலை வகுப்பு தொடங்கியதே 2011-ல், ஷாங்காயில். சிங்கப்பூரில் வாசெதா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளி உண்டு. ஆனால் எல்லா அம்மாக்களின் கண்ணும் சொந்த ஊர்ப் பள்ளி மேலேயே இருக்கிறது. எனவே டியூஷன் சென்டர்களும் ஜப்பானிலிருந்து கூடவே வந்துவிட்டன. அந்தப் பெண் இரவு ஒன்பதரைக்கு டியூஷன் முடிந்து லிஃப்டில் ஏறும்போது, எங்கள் ஊர் நீட் பயிற்சி மையத்து வாசலில் அவளை நிறுத்தினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அவளை அழைத்துக்கொண்டு அம்மாவும் பையனும் முன்னால் போனார்கள். அப்பா மட்டும் மிச்சம். அவர் டான் டான் டான்கி என்கிற ஜப்பானியக் கடையின் பையோடு லிஃப்டில் நிற்பார். பைக்குள் மைக்ரோவேவில் சூடு பண்ணுகிற சோறு. என் மனைவி ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொடுத்தனுப்புவாள். மறுநாள் டப்பா கழுவித் துடைத்து, உள்ளே ஒரு மிட்டாயோடு திரும்பி வரும். எங்கள் வீட்டு டப்பாக்கள் யார் வீட்டிலிருந்தும் அப்படித் திரும்பியதில்லை. பெரும்பாலானவை திரும்பியதே இல்லை.

பையன் கிளம்பும்போது அந்த அம்மாவுக்கு ஒரே கவலைதான். பள்ளிக்கூடம் அவனை அவ்வளவு பத்திரமாக ஜப்பானுக்குள்ளேயே வைத்திருந்தும், பள்ளிப் பேருந்துக்காரர் அவனுக்குள் சிங்கப்பூரைப் போட்டுவிட்டார். எதைக் கேட்டாலும் “கேன் லா” என்கிறான். வெளிநாட்டிலிருந்து திரும்பிய பிள்ளை என்று வகுப்பில் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று அவள் வருத்தப்பட்டாள். நகோயாவில் புதுப் பள்ளியில் முதல் நாள் ஆசிரியர் ஏதோ சொல்ல, பையன் பழக்கதோஷத்தில் அதையே சொல்லியிருக்கிறான். வகுப்பு சிரித்திருக்கிறது. ஒரு வாரத்தில் வகுப்பில் பாதிப் பேர் அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள் என்று என் மனைவிக்குச் செய்தி வந்தது, கூடவே அழுகிற பொம்மை ஒன்றும்.

ஏப்ரலில் பள்ளிக்குப் புதுத் தலைமையாசிரியர் வந்திறங்கினார். காலையில் அந்தப் பக்கம் நடந்தபோது பார்த்தேன். காவலாளி அண்ணன் இடுப்பு வரை குனிந்து நிமிர்ந்து, ஆங்கிலம் பாதி ஜப்பானியம் பாதியாக, பேருந்துகள் எங்கே திரும்பும், மழை வந்தால் பிள்ளைகளை எந்த வழியாக விட வேண்டும், எந்தக் குழாய் ஒழுகும் என்று கை நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அவர் உள்ளே போனபிறகு கேட்டேன்.

“என்னண்ணே, புதுசா வந்தவருக்குப் பாடம் நடத்துறீங்களா?”

“ஆமா தம்பி, வருசத்துக்கு வருசம் இதே பாடந்தான். எல்லாரும் பாஸாயிப் போயிர்றாங்க. இந்த ஸ்கூல்ல ஃபெயிலாயி ஃபெயிலாயி ஒக்காந்திருக்கறது நான் ஒருத்தன்தான் லா.”